குறைந்த செலவில் முதல் ரெக்கார்டு பிளேயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாத்தாவோ அப்பாவோ சேர்த்து வைத்த இசைத்தட்டுகளைப் பரணிலிருந்து இறக்கி, தூசு தட்டி, இதைக் கேட்பதற்கு என்ன வாங்கலாம் என்று என்னிடம் விசாரிப்பவர்கள் கடந்த சில ஆண்டுகளில் கூடியிருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இருபதாயிரம் ரூபாயைத் தாண்டிச் செலவழிக்க வழியில்லை. அவர்களுக்குச் சொன்ன பதில்களையே இங்கே எழுதியிருக்கிறேன். இன்று வாங்கும் கருவி கெட்டுப்போனால் நாளை வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். 1960-களிலும் 70-களிலும் தமிழில் வெளிவந்த தட்டுகளில் பெரும்பாலானவை மறுபடி அச்சிடப்படவே இல்லை. ஆகவே ஒரு கருவியைப் பார்க்கும்போது, அது தட்டைக் கெடுக்காமல் வாசிக்குமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒலி எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. அதை எப்படிப் பிரித்துச் செலவழிப்பது?

முழுத் தொகையையும் பிளேயரிலேயே போட்டுவிடாதீர்கள். ஏறக்குறைய பதினைந்தாயிரம் பிளேயருக்கும், நான்காயிரம் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த ஒரு ஜோடி ஸ்பீக்கர்களுக்கும், மீதி ஆயிரம் தட்டு துடைக்கும் பிரஷ், மென்துணி, டிஸ்டில்டு வாட்டர், கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறிய எடைக்கருவி ஆகியவற்றுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் ஏற்கெனவே ஹோம் தியேட்டரோ, வெளிக்கருவியை இணைக்கும் ஆக்ஸ் துளை உள்ள பழைய ஸ்டீரியோ செட்டோ இருந்தால் ஸ்பீக்கர் செலவு மிச்சமாகும். சென்னையில் இருப்பவர்கள் கம்பிகளுக்கும் இணைப்பான்களுக்கும் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு ஒரு முறை போய்வந்தால் போதும். கையில் எட்டாயிரம்தான் இருக்கிறது என்றால், புதிதாக எதையும் உடனே வாங்காமல் இன்னும் சில மாதங்கள் பணம் சேர்ப்பதோ, தெரிந்தவர் வழியாக நல்ல பழைய பிளேயர் ஒன்றைத் தேடுவதோ மேல் என்பது என் கருத்து.

சூட்கேஸ் வடிவில், ஸ்பீக்கரும் உள்ளேயே வைத்து, ஆறேழாயிரத்துக்குக் கிடைக்கிறதே. அது போதாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பார்க்க அழகாக இருக்கும் இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் செராமிக் வகைக் கார்ட்ரிட்ஜும் (ஊசியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் சிறு பகுதி) ஒரு சிறு சிவப்பு பிளாஸ்டிக் ஊசியும் இருக்கும். அந்த ஊசி தட்டின் மீது ஐந்து அல்லது ஆறு கிராம் எடையுடன் அழுத்துகிறது. அசையும் காந்தத்தால் மின்குறிப்பை உண்டாக்கும் மூவிங் மேக்னட் வகைக் கார்ட்ரிட்ஜுக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் மூன்று கிராம் போதும். இரண்டு மடங்கு என்பது காகிதத்தில் சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் ஊசிமுனையின் ஆரம் சுமார் 18 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. அத்தனை எடையும் தட்டில் இசை பதிந்திருக்கும் பள்ளத்தின் இரு சுவர்களிலும் அந்த நுனி தொடும் இடத்தில்தான் இறங்குகிறது.

எட்டு ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். பெரியப்பா விட்டுச்சென்ற நாதசுர எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் பெரிய தட்டு) ஒன்றை அதில் போட்டேன். தவில் ஓங்கி ஒலிக்கும் இடங்களிலெல்லாம் ஊசி துள்ளிப் பக்கத்துப் பள்ளத்துக்குத் தாவியது. ஸ்பீக்கரும் தட்டும் ஒரே பெட்டிக்குள் இருந்ததால், ஸ்பீக்கரின் அதிர்வு தட்டு வழியாக ஊசிக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது என்பது அன்று எனக்குத் தெரியாது. யாரோ சொன்னார்கள் என்று, ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மின் தலையில் ஒரு நாணயத்தை செலோ டேப் போட்டு ஒட்டினேன். துள்ளல் நின்றது. ஒரு மாதம் கழித்து, மேல் ஸ்தாயியில் நாதசுரம் நீண்டு நிற்கும் இடங்களில் மணல் அரைபடுவதைப் போல ஓர் இரைச்சல் கேட்கத் தொடங்கியது. பிறகு நல்ல பிளேயர் வாங்கி அதே தட்டைப் போட்டுப் பார்த்தபோதும் அந்த இரைச்சல் அங்கேயே இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்தப் பதிவின் வேறு பிரதி எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

புதிதாக வாங்கிய தட்டுகளை எப்போதாவது கேட்பவருக்கு அந்தப் பெட்டி பரவாயில்லை என்று சிலர் வாதிடலாம். பரணிலிருந்து இறக்கிய தட்டுகளுக்கு அது வேண்டவே வேண்டாம்.

அப்படியானால் வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

விற்பனைக் குறிப்பில் கார்ட்ரிட்ஜ் வகை என்னவென்று தேடுங்கள். "மூவிங் மேக்னட்" என்று இருந்தால் மேலே படியுங்கள். "செராமிக்" என்று இருந்தாலோ, எதுவுமே சொல்லப்படவில்லை என்றாலோ விட்டுவிடுங்கள். அடுத்து, ஊசியை மட்டும் தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா, அந்த மாற்று ஊசி நம் ஊரில் கிடைக்கிறதா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். டோன் ஆர்மின் பின்முனையில் திருகி நகர்த்தக்கூடிய எதிர்எடை இருந்தால் கூடுதல் நல்லது, ஏனெனில் ஊசியின் அழுத்தத்தை நாமே அளந்து அமைத்துக்கொள்ளலாம். புதிய கருவிகளில் இந்த விலைக்குள் அது கிடைப்பது அரிது.

இந்தத் தொகைக்குள் நான் பலருக்குப் பரிந்துரைத்தது ஆடியோ டெக்னிகாவின் ஏடி-எல்பி60எக்ஸ். அதில் எதிர்எடை இல்லை. அழுத்தம் தொழிற்சாலையிலேயே நிலையாக அமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜுக்கு உரிய எல்லைக்குள் இருக்கிறது, ஊசியைக் கையால் இழுத்தே கழற்றி மாற்றலாம். பொத்தானை அழுத்தினால் ஆர்ம் தானே எழுந்து சென்று தட்டின் தொடக்கத்தில் இறங்கி, முடிந்ததும் தானே திரும்பிவிடும் என்பதால், கை நடுங்கும் பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு இது பெரிய வசதி. பிரித்து அமைக்கும்போது ஒரே ஓர் இடத்தில் கவனம் தேவை: சுழலும் உலோகத் தட்டின் அடியில் பெல்ட் சுற்றப்பட்டிருக்கும், தட்டில் உள்ள துளை வழியாக ஒரு சிவப்பு நாடாவைப் பிடித்து இழுத்து, பெல்ட்டை மோட்டாரின் பித்தளை உருளையில் மாட்டிவிட்டு, நாடாவை உருவிவிட வேண்டும். பெல்ட் முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாக அமர்ந்திருக்கிறதா என்று தட்டைக் கையால் பத்து முறை சுழற்றிப் பாருங்கள். சற்றுக் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால், சோனியின் பிஎஸ்-எல்எக்ஸ்310பிடி இதே வகையைச் சேர்ந்தது; புளூடூத்தும் உண்டு.

"ஃபோனோ ப்ரீ ஆம்ப்" என்று சொல்கிறார்களே, அது என்ன? தனியாக வாங்க வேண்டுமா?

மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் மின்குறிப்பு சில மில்லிவோல்ட்தான். அதைப் பெருக்காமல் ஸ்பீக்கருக்குக் கொடுக்க முடியாது. அதோடு, தட்டில் பள்ளம் வெட்டும்போதே கீழ் ஸ்வரங்களைக் குறைத்தும் மேல் ஸ்வரங்களைக் கூட்டியும்தான் வெட்டுகிறார்கள். கீழ் ஸ்வரங்களை உள்ளபடியே வெட்டினால் பள்ளம் மிக அகலமாகி, ஒரு பக்கத்தில் இருபது நிமிடம் அடங்காது. மேல் ஸ்வரங்களைக் கூட்டி வெட்டுவதால் தட்டின் இயல்பான இரைச்சல் பின்னால் அடங்கிவிடுகிறது. வாசிக்கும்போது இதை அப்படியே தலைகீழாக்க வேண்டும். ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற அமெரிக்க அமைப்பு 1954-இல் வகுத்த அளவுமுறை இதற்குப் பொதுவாகிவிட்டது. பெருக்குவது, திருத்துவது ஆகிய இரண்டையும் செய்வதுதான் ஃபோனோ ப்ரீ ஆம்ப்.

மேலே சொன்ன இரு கருவிகளிலும் அது உள்ளேயே இருக்கிறது. பின்புறத்தில் "ஃபோனோ", "லைன்" என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். நேராக ஸ்பீக்கருக்கோ ஆக்ஸ் துளைக்கோ கொடுப்பதாக இருந்தால் "லைன்" பக்கம் தள்ளுங்கள். பழைய ஆம்ப்ளிஃபயரில் "ஃபோனோ" என்று எழுதிய துளையிலேயே செருகுவதாக இருந்தால் "ஃபோனோ" பக்கம் தள்ளுங்கள். மாற்றிச் செய்தால் பாட்டு சன்னமாக, கொசு ரீங்காரம் போலக் கேட்கும். அல்லது காது கிழியும்படி உடைந்து கேட்கும். பிளேயர் பழுது என்று திருப்பி அனுப்பியவர்களில் சிலருக்கு இந்தச் சுவிட்ச் மட்டுமே தவறாக இருந்தது.

பெல்ட் டிரைவா, டைரக்ட் டிரைவா?

மோட்டார் தட்டைப் பெல்ட் வழியாகச் சுழற்றுவது முதல் வகை, நேரடியாகச் சுழற்றுவது இரண்டாவது. இந்தத் தொகையில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பெல்ட்டில் ஓடுவதே கிடைக்கும், அதுவே போதும்.

பழைய பிளேயர் வாங்கலாமா?

பொறுமையும், அருகில் ஒரு நல்ல மெக்கானிக்கும் இருந்தால் வாங்கலாம். எச்.எம்.வி., பிலிப்ஸ், காஸ்மிக், சோனோடைன் என்று நம் நாட்டில் அன்று விற்ற கருவிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பல கிரிஸ்டல் அல்லது செராமிக் கார்ட்ரிட்ஜ் கொண்டவை என்பதை மறக்க வேண்டாம். கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜின் உள்ளே இருக்கும் ரோஷெல் உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுவிடும் தன்மை கொண்டது. கடற்கரை ஊர்களில் ஐம்பது ஆண்டுகள் கிடந்த ஒன்று பழுதில்லாமல் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கருவிகளில் மின்சாரத்தைக் கவனியுங்கள். நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்கக் கருவி 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கானது. ஜப்பானில் 100 வோல்ட். வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மர் வைத்துச் சரிசெய்யலாம். ஆனால் பழைய ஏ.சி. மோட்டார்களில் பல, மின்சாரத்தின் ஹெர்ட்ஸுக்கு ஏற்ப ஓடுபவை. 60-க்குச் செய்தது 50-இல் ஓடினால் வேகம் ஆறில் ஐந்தாகக் குறைந்து, எல்.பி.க்கு உரிய நிமிடத்துக்கு 33⅓ சுற்று 28-ஐ ஒட்டி வந்துவிடும். பாடுபவரின் குரல் ஏறக்குறைய ஒன்றரைக் கட்டை இறங்கிக் கேட்கும். மோட்டாரின் உருளையை மாற்றினால்தான் அது தீரும்.

விற்பவர் வீட்டுக்குப் போகும்போது, கெட்டாலும் பாதகமில்லாத ஒரு தட்டை உடன் கொண்டுபோங்கள். மின்சாரம் கொடுக்கும் முன் டோன் ஆர்மின் தலையை இரு விரலால் மெல்லப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். கடகடவென்று ஆடினால் அதன் தாங்கி தேய்ந்துவிட்டது, மேற்கொண்டு பேச வேண்டாம். பிறகு சுழலும் தட்டின் ஓரத்தில் சிறு காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி, 33⅓ வேகத்தில் ஓடவிட்டு, செல்பேசியில் நேரம் வைத்து எண்ணுங்கள். சரியாக மூன்று நிமிடத்தில் நூறு சுற்று வர வேண்டும். ஒன்று கூடவோ குறையவோ இருந்தால் பெரிய குற்றமில்லை. தொண்ணூற்றைந்து என்றால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது உள்ளே இருக்கும் ரப்பர் உருளை இறுகிப்போயிருக்கலாம். பெல்ட் மலிவு, நம் வெயிலில் அது தார் போல உருகி ஒட்டியிருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். ரப்பர் உருளை கிடைப்பது அத்தனை எளிதல்ல. கடைசியாக, இடது, வலது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒலி வருகிறதா என்று கேளுங்கள். ஊசி எப்படி இருந்தாலும் புதிது மாட்ட வேண்டும் என்றே கணக்குப் போட்டு, அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள்.

பரணில் இருப்பவை கனமான, எளிதில் உடையக்கூடிய 78 சுற்றுத் தட்டுகள். அவற்றையும் இதிலேயே போடலாமா?

கூடாது. எல்.பி. 1948-இல் வந்தது, அதற்கு முந்தைய 78 சுற்றுத் தட்டுகள் நம் நாட்டில் 1960-கள் வரையிலும்கூட அச்சாகிக்கொண்டிருந்தன. அவை அரக்கைக் கொண்டு செய்தவை, பள்ளமும் எல்.பி.யுடையதைவிட மிக அகலம். எல்.பி. ஊசி அந்தப் பள்ளத்தின் அடியில் உள்ள அழுக்கில் உரசிக்கொண்டு ஓடுமே ஒழிய, சுவரைச் சரியாகத் தொடாது. மேலே சொன்ன புதிய கருவிகளில் 78 வேகமே கிடையாது. 33⅓, 45, 78 என்ற மூன்று வேகமும் உள்ள, கார்ட்ரிட்ஜை மாற்றக்கூடிய கருவியும் அதற்கெனத் தடித்த ஊசியும் வேண்டும். பணம் சேரும்வரை அந்தத் தட்டுகளை உறையில் போட்டு, சாயாமல் நிமிர்த்தி வைத்துக் காத்திருங்கள். ஒருபோதும் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள். அரக்கு ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

பித்தளைக் கொம்பு வைத்த கிராமஃபோன்?

அழகுக்காக வேண்டுமானால் வாங்குங்கள். பழம்பொருள் என்று விற்கப்படுபவற்றில் பல, பழைய மோட்டாரைப் புதுப் பெட்டியில் வைத்து அண்மையில் செய்யப்பட்டவை. நூறு கிராமுக்கும் மேலான தலையும் எஃகு முள்ளும் கொண்ட அதில் ஓர் எல்.பி.யை ஒரு முறை போட்டால்கூட அந்தத் தட்டு முடிந்தது.

பழைய தமிழ்த் தட்டுகளை எங்கே, எப்படிப் பார்த்து வாங்குவது?

ஒரு தலைமுறைக்கு இந்தக் கேள்விக்குப் பதில் மூர் மார்க்கெட் என்பதுதான். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி 1900 முதல் இயங்கிய அந்தக் கட்டடம் 1985-இல் தீயில் அழிந்தது. இன்று பழைய பொருள் கடைகளும், சேகரிப்பாளர்களும், இணைய விற்பனையுமாகத் தேட வேண்டியிருக்கிறது. எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன், இன்ரெக்கோ, எக்கோ போன்ற முத்திரைகளைக் காண்பீர்கள். திரைப்பாடல்கள் எல்.பி.க்களில் மட்டுமல்லாமல், நான்கு பாடல் கொண்ட ஏழு அங்குல இ.பி.க்களிலும் ஏராளமாக வந்தன. படத்தின் கதை வசனத்தையே தட்டுகளாக விற்றதும் உண்டு. சிறிய தட்டு என்றாலே 45 வேகம் என்று எண்ணிவிடாமல் நடுவில் உள்ள லேபிளைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

தட்டை உறையிலிருந்து எடுத்து, விளிம்பையும் லேபிளையும் மட்டும் தொட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நல்ல தட்டு எண்ணெய் தடவிய கருங்கல் போலப் பளபளக்கும். தேய்ந்தது சாம்பல் பூத்திருக்கும். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் வெள்ளைக் கீறல்கள் மண்டியிருந்தால் நூற்றுக்கணக்கான முறை ஏற்றி இறக்கப்பட்டது என்று பொருள். லேபிளிலோ உறையிலோ "சவுண்ட் சர்வீஸ்" ஒன்றின் பெயர் ரப்பர் ஸ்டாம்பில் இருந்தால், அது கல்யாணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் கூம்பு ஒலிபெருக்கிக்காக உழைத்த தட்டு. ஊரே கேட்ட அந்தத் தட்டுகள் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஆனால் கேட்பதற்காக வாங்குகிறீர்கள் என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். வெள்ளையாகப் படர்ந்திருப்பது பூஞ்சை என்றால் அஞ்ச வேண்டாம், பெரும்பாலும் கழுவினால் போய்விடும்.

எப்படிக் கழுவுவது?

வினைல் தட்டை மட்டும் இப்படிக் கழுவலாம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு, மணமும் நிறமும் இல்லாத பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மென்துணியை நனைத்து, பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, மறுபடி வெறும் டிஸ்டில்டு வாட்டரால் துடைத்தெடுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். அதன் உப்பு காய்ந்து பள்ளத்தில் படிந்துவிடும். லேபிள் நனையக் கூடாது. மின்விசிறியின் கீழ் காயவைத்தால் தூசு வந்து ஒட்டும், நிழலில் நிமிர்த்தி வையுங்கள்.

ஊசியை எப்போது மாற்ற வேண்டும்?

கூம்பு வடிவ ஊசிக்கு ஏறக்குறைய 400 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஓர் எல்.பி. இரு பக்கமும் சேர்ந்து நாற்பது நிமிடம் என்றால், அறுநூறு முறை. தினமும் ஒரு தட்டு கேட்பவருக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் வரும். மாட்டிய தேதியைப் பிளேயரின் அடியில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

வாங்கி வந்த முதல் நாளில் எந்தத் தட்டை முதலில் போடுவது?

மிகவும் ஆசைப்படும் தட்டை அல்ல. முதலில் ஸ்பீக்கர்கள் நிற்காத, ஆடாத ஒரு மேசையில் பிளேயரை வைத்து, செல்பேசியில் உள்ள மட்டம் பார்க்கும் வசதியைக் கொண்டு நான்கு பக்கமும் சமமாக்குங்கள். எடைக்கருவியை வைத்து ஊசியின் அழுத்தத்தை அளந்து பாருங்கள். ஊசி இறங்கும் இடம் தட்டின் மேற்பரப்பு உயரத்திலேயே இருக்க வேண்டும், எடைக்கருவியின் தகடு இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தம் இழுத்து அளவைத் தவறாகக் காட்டும். பிறகு போனாலும் போகட்டும் என்ற ஒரு தட்டைக் கழுவிப் போட்டு, அதன் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். நடுவை நெருங்கும்போது பள்ளம் நெருக்கமாக வளைவதால், ஊசியில் குறை இருந்தால் அங்கேதான் "ச", "ஷ" போன்ற எழுத்துகள் சீறும். அந்தப் பாட்டு சீறாமல், துள்ளாமல், இரண்டு ஸ்பீக்கரிலும் சமமாக வந்து முடிந்தால் ஆர்மை அதன் தாங்கியில் வைத்துப் பூட்டிவிட்டு, பரண் தட்டுகளில் மேலே இருப்பதை எடுத்து வாருங்கள்.